ஏழு வாக்குகள்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சிவராமன் அவர்களுக்கு,

வணக்கம். கண் அறுவை சிகிச்சை நலமாக முடிந்தது என்று உங்கள் கடிதத்தில் படித்து நிம்மதியடைந்தேன். முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்க அதிபர் வில்சன் கனவு கண்ட சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா சேராமல் போனதற்கு, அந்நாட்டு மேலவையான செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர் ஹென்றி கபோட் லாட்ஜின் பிடிவாதமே காரணம் என்று எழுதியிருந்தீர்கள். நானும் வகுப்பில் பல ஆண்டுகள் அப்படித்தான் பாடம் நடத்தினேன். ஓய்வுபெற்ற பிறகு, செனட்டின் வாக்குக் கணக்கைப் பார்த்தபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டுவிட்டது.

லாட்ஜ் காலம் கடத்தினார் என்பதில் ஐயமில்லை. சங்கத்தின் சாசனமும் அடங்கிய வெர்சேல்ஸ் சமாதான உடன்படிக்கை முழுவதையும் செனட்டின் வெளியுறவுக் குழுவின் முன் உரக்கப் படித்தே இரண்டு வாரங்களைப் போக்கினார். ஆனால், அவர் எழுப்பிய கேள்வியைக் குதர்க்கம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. உறுப்பு நாடொன்றின் எல்லையை அந்நியர் தாக்கினால் மற்றவை அதைக் காக்க வேண்டும் என்றது சங்கச் சாசனத்தின் 10ஆவது ஷரத்து. போர் அறிவிக்கும் அதிகாரமோ அமெரிக்க அரசியல் சட்டப்படி அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்கே உரியது. சங்கத்தில் பிரிட்டனோடு, கனடா போன்ற அதன் தன்னாட்சி நாடுகளான டொமினியன்களுக்கும் இந்தியாவுக்கும் தனித்தனி வாக்கு அளித்ததையும் எதிர்ப்பாளர்கள் விடவில்லை. அடிமைப்பட்டிருந்த இந்தியாவின் வாக்கு லண்டன் சொற்படிதான் விழும் என்ற அவர்கள் கணக்கு, நமக்குக் கசந்தாலும், பொய்யில்லை.

வில்சன் மக்களிடமே முறையிடுவதாக 1919 செப்டம்பரில் ரயிலேறினார். கொலராடோ மாநிலத்துப் புவெப்லோ நகரில் பேசியதோடு உடல் தளர்ந்து திரும்பியவரை அக்டோபர் 2 அன்று பக்கவாதம் வீழ்த்தியது. படுக்கையிலிருந்தும் அவர் இறங்கி வரவில்லை. லாட்ஜின் நிபந்தனைகளோடு உடன்படிக்கையை ஏற்கும் தீர்மானத்தைத் தோற்கடிக்கும்படி தம் கட்சியினருக்கே சொன்னார். 1920 மார்ச் 19 வாக்கெடுப்பில் ஆதரவு 49, எதிர்ப்பு 35. உடன்படிக்கையை ஏற்கத் தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு வாக்குகள் குறைந்தன. எதிர்த்தவர்களில் 23 பேர் வில்சனின் கட்சியினர். எந்த வடிவிலும் சங்கமே வேண்டாம் என்று நின்ற செனட்டர் போரா போன்றவர்கள் 12 பேர்தாம். கனவு கண்டவரும் அதை வெறுத்தவர்களும் ஒரே பக்கம் நின்ற விசித்திரத்தை நான் மாணவர்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

1945இல் ஐ.நா. சாசனத்தை அதே செனட் 89க்கு 2 என்று ஏற்றது. அப்போது அமெரிக்காவின் கையில், பாதுகாப்பு சபை முடிவைத் தடுக்கும் வீட்டோ இருந்தது.

அந்த 23 பேரில் ஏழு பேர் தலைவரின் சொல்லை மீறியிருந்தாலும் வில்சன் கையெழுத்திட்டிருப்பாரா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். கண் தெளிந்ததும் உங்கள் பதிலை எழுதுங்கள்.

அன்புடன்,
வேலாயுதம்