கும்பாபிஷேகச் சாரப் படிகள் ஒரே உயரத்தில் அமைக்கப்படாதது பற்றிய புகார்

முகாமையாளர் அவர்கட்கு,
சாரம் வாடகைக்கு விடும் நிறுவனம்,
மட்டக்களப்பு.

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் பிள்ளையார் ஆலயக் கும்பாபிஷேகத்துக்காக, மூலஸ்தான விமானத்தைச் சுற்றிச் சாரமும், குருக்கள்மார் கும்பம் சுமந்து ஏறுவதற்கு 26 அடி உயரத்துக்குப் படிகளும் அமைத்துத் தரும் பொறுப்பை உங்கள் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தோம். பேசிய பணம் முழுவதையும் வேலை தொடங்கும் முன்னரே கட்டிவிட்டோம். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

எண்ணெய்க்காப்பு நாளன்று பிற்பகல், தூபியைக் கழுவுவதற்காக எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் பித்தளைக் குடத்தில் தண்ணீர் நிறைத்துத் தோளில் வைத்துக்கொண்டு உங்கள் படிகளில் ஏறினார். இரண்டாம் இடைத்தட்டைத் தாண்டி அடுத்த படிக்குக் காலைத் தூக்கியவருடைய பெருவிரல் பலகையின் விளிம்பில் இடித்தது. குடம் பலகையில் மோதி, குழாய்களுக்கிடையே விழுந்து மணலில் புதைந்தது. அவர் முழங்காலில் விழுந்து கைப்பிடிக் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கீழே எண்ணெய்க் கிண்ணத்துடன் வரிசையில் நின்ற பெண்கள் எழுப்பிய கூக்குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. கணைக்காலில் நான்கு தையல். கைப்பிடிக் குழாயை உங்கள் பணியாளர்கள் உறுதியாகப் பூட்டியிருந்ததால்தான் அந்தப் பிள்ளை இன்று நடமாடுகிறார். அதற்கு நன்றி சொல்லிவிட்டே மற்றதை எழுதுகிறேன்.

உடனே உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அது தற்காலிகப் படி, கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். பார்த்து ஏறச் சொல்லுங்கள்" என்பதுதான் கிடைத்த பதில். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தப் பதில்தான், ஐயா.

கும்பம் சுமக்கும் குருக்கள் எப்படிப் பார்த்து ஏறுவார்? தலையில் நிறைகும்பம், அதைப் பிடித்தபடி ஒரு கை, மற்றக் கை கைப்பிடியில். கழுத்தைக் குனிக்க வழியில்லை. முன்னும் பின்னும் ஆட்கள், மேளம், அரோகரா ஓசை. முதல் இரண்டு மூன்று படிகளிலேயே கால் உயரத்தைக் கற்றுக்கொள்கிறது. அதன் பிறகு அந்த உயரத்தை நம்பித்தான் மனிதன் ஏறுகிறான். நடுவில் ஒரு படி மாறினால் அவன் தடுமாறாமல் என்ன செய்வான்?

அன்று மாலையே என் மச்சான் அளவுநாடாவுடன் ஏறினார். பல வருடங்கள் கட்டாரில் சாரம் கட்டும் வேலையில் இருந்தவர் அவர். உங்கள் படிகள் இடைத்தட்டுகளால் பிரிந்த நான்கு கட்டுகளாக இருந்தன. ஒவ்வொரு கட்டும் தட்டிலிருந்து தட்டுக்கு 78 அங்குலம். நான்கு கட்டுகளிலும் ஒரே கதைதான்: முதற் படி 10 அங்குலம், அடுத்த எட்டும் 8 அங்குலம், கடைசிப் படி வெறும் 4 அங்குலம். எட்டுக்குப் பழகிய கால் திடீரென்று நாலில் ஓங்கி மிதிக்கிறது. இடைத்தட்டில் ஓரடி வைத்ததும் பத்து வந்து விரலில் இடிக்கிறது. அந்தத் தம்பிக்கு நடந்தது அதுதான்.

தவறு எங்கே நடந்தது என்பதையும் மச்சான் காட்டினார். உங்கள் ஆட்கள் கீழிருந்து 8 அங்குலத்துக்கு ஒன்றாக மிதிபலகை தாங்கும் குழாய்களைப் பூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். 78-ஐ எட்டால் வகுத்தால் மிச்சமில்லாமல் வராது. ஒன்பது குழாய் பூட்டி 72-க்கு வந்ததும் மிஞ்சிய 6 அங்குலத்தை அப்படியே கடைசிப் படிக்கு விட்டுவிட்டார்கள். அதோடு பலகையின் தடிப்பு 2 அங்குலம் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் அடிப் படியில் இரண்டு கூடி, உச்சிப் படியில் இரண்டு குறைந்துவிட்டது. முதலில் மொத்த உயரத்தை எடுத்து, அதை முழு எண்ணிக்கையான படிகளாகப் பங்கிட்டு, பலகைத் தடிப்பைக் கழித்துவிட்டுக் குழாயைப் பூட்டியிருந்தால் பத்துப் படியும் 7.8 அங்குலமாக ஒன்றுபோல் வந்திருக்கும். ஐந்து நிமிட வேலை.

மணல் தரை என்பதால் கால் குழாய்களின் அடித்தகடுகளுக்குக் கீழே அகலப் பலகை போட்டிருந்தீர்கள். இரவு மழை பெய்தும் சாரம் ஒரு நூல் கூடத் தாழவில்லை. அவ்வளவு கவனமாக வேலை செய்யத் தெரிந்தவர்கள் படியில் ஏன் தவறினார்கள் என்பதுதான் எனக்கு மனவருத்தம்.

தற்காலிகம் என்ற சொல்லை வெளிநாடுகளில் சாக்காக ஏற்பதில்லை. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகளில் சாரப் படிகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு கட்டுக்குள் படிகளின் உயரம் கால் அங்குலத்துக்கு மேல் மாறக் கூடாது. முழுப் படிவரிசைக்கும் ஆக அடியிலும் ஆக உச்சியிலும் உள்ள படிகளுக்கு மட்டும் சலுகை உண்டு, ஒவ்வொரு கட்டுக்கும் அல்ல. அந்த விதி மட்டக்களப்பில் உங்களைக் கட்டாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை எழுதியவர்கள் மனிதக் காலைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்க் காலும் அதே கால்தான்.

நீங்கள் வரவில்லை. இரவு பதினொரு மணிக்கு மரவேலை செய்யும் ஓர் ஓடாவியாரை எழுப்பிக் கூட்டி வந்தோம். அவர் நேரான றீப்பை (ஒடுக்கமான மரச்சட்டம்) ஒன்றை ஒரு கட்டின் உயரத்துக்கு அறுத்தார். அங்குலத்தில் பின்னம் வரும் என்று நாடாவைச் சென்ரிமீற்றர் பக்கம் திருப்பி, 198-ஐப் பத்தாகப் பிரித்து, 19.8-க்கு ஒரு கோடாகப் பென்சிலால் கீறினார். அந்தத் தடியை ஒவ்வொரு கட்டிலும் நிறுத்தி, 36 மிதிபலகைகளையும் கழற்றித் திரும்பப் பூட்டி முடிக்க விடியற்காலை நான்கு மணியாகிவிட்டது. காலையில் குருக்கள்மார் கும்பங்களுடன் ஏறினார்கள். ஒருவர் காலும் தட்டவில்லை.

ஓடாவியாருக்கும் உதவியாளருக்கும் கொடுத்த 12,000 ரூபாவையும், காயமடைந்தவரின் மருந்துச் செலவையும் நீங்கள் தர வேண்டும். அவருடைய வீட்டுக்கு ஒருமுறை நேரில் போய் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றும் ஆலய நிர்வாகத்துக்குப் பொறுப்பான எங்கள் வண்ணக்கர் சொல்லச் சொன்னார். 14 நாள்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிட எங்கள் பரிபாலன சபை தீர்மானித்திருக்கிறது.

இதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. இதே குழாய்களும் பலகைகளும் அடுத்த கிழமை வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஓர் அம்மன் ஆலயத்துக்குப் போவதாக உங்கள் லொறிச் சாரதி சொன்னார். அங்கே பூட்டி முடித்ததும் உங்கள் பொறுப்பாளர் ஒருவர் ஒவ்வொரு படியையும் அளந்து, அளவுகளை எழுதிக் கையொப்பமிட்டு அந்த ஆலயத்தாரிடம் கொடுக்க வேண்டும். ஓடாவியார் கோடு கீறிய றீப்பையை எங்கள் மடப்பள்ளிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம். லொறி மண்முனைப் பாலத்துக்குப் போகும் வழியில் நிறுத்தினால் எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
செயலாளர்,
ஆலய பரிபாலன சபை,
எழுவான்கரை, மட்டக்களப்பு.