மின்சாரம் வந்தும் கணினி வரவில்லையா? கோப்புகள் உள்ள வட்டை அழிக்கச் சம்மதிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்தடை அறிவிப்புகளைத் தங்கள் நாளிதழ் தவறாமல் வெளியிடுகிறது. ஆனால் மின்சாரம் திரும்பிய பிறகு வீட்டுக் கணினி பொத்தானை அழுத்தியும் அசையாமல் கிடந்தால் என்ன செய்வது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்தக் குழப்பத்தில் எடுக்கும் அவசர முடிவால் நல்ல கணினியையும், அதைவிட மேலாக அதற்குள் சேர்த்து வைத்த கோப்புகளையும் இழந்துவிடுகிறார்கள். நானும் அப்படி இழக்க இருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஓர் இரவு மின்சாரம் போய் வந்து, மீண்டும் போய் வந்தது. மறுநாள் காலையில் என் கணினியில் விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "மதர்போர்டு போய்விட்டது, பழைய கோப்புகளையும் மறந்துவிடுங்கள்" என்றார். மதர்போர்டு என்பது கணினியின் உறுப்புகளையெல்லாம் இணைக்கும் முதன்மைப் பலகை. என் தந்தையார் கைப்பட எழுதிய குறிப்புகளின் நகல்கள் அந்தக் கணினியில் மட்டுமே இருந்தன. அன்று மாலை, பிளக்கைச் சுவரிலிருந்து முழுவதும் உருவி, முன்பக்கப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் செருகினேன். கணினி எதுவுமே நடவாதது போல் இயங்கத் தொடங்கியது.

இதற்குக் காரணம் இருக்கிறது. கணினியின் முன்பக்கப் பொத்தான், விளக்குக்கு உள்ள சுவிட்சைப் போல மின்சாரத்தை நேரடியாக இணைப்பதோ துண்டிப்பதோ இல்லை. அது மதர்போர்டுக்கு ஒரு சைகை மட்டுமே அனுப்புகிறது. அந்தச் சைகையை உணர்வதற்காக, பிளக் செருகியிருக்கும் வரையில், கணினி நின்றிருந்தாலும், அதற்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். 5 வோல்ட் மின்சாரத்தைச் சிறிதளவு கொடுத்துக்கொண்டே இருக்கிறது. மின்சாரம் விட்டுவிட்டு வரும்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பாதுகாப்புச் சுற்று விழித்துக்கொண்டு தன்னைப் பூட்டிக்கொள்வதுண்டு. மதர்போர்டும் பாதி விழிப்பில் சிக்கிக்கொள்வதுண்டு. உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும் வரை அந்தப் பூட்டு விலகாமல் இருக்கலாம். ஆகவே, பிளக் செருகியபடியே பொத்தானை நூறு முறை அழுத்தினாலும் பயனில்லை. பிளக்கை உருவிவிட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் எஞ்சிய மின்சாரம் வடிகிறது. பிரிண்டர், பென் டிரைவ் முதலியவற்றையும் அப்போதே கழற்றிவிடுவது நல்லது. மடிக்கணினியானால் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியும் தனியே கழலக் கூடியதானால் அதையும் எடுத்துவிட்டு, இதையே செய்ய வேண்டும்.

இதிலும் எழவில்லை என்றால், கணினிக்கு மின்சாரம் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் யு.பி.எஸ்.ஸையும் விலக்கி, ஒரு மேசை விளக்கைச் செருகிச் சோதித்த சுவர்ச் சாக்கெட்டில் கணினியை நேரடியாக இணையுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குள் இருக்கும் ஃபியூஸ் கணினிக்கு முன்பே போயிருக்கலாம். பேட்டரி செத்துப்போன யு.பி.எஸ். மின்சாரம் வந்த பின்னும் இயங்க மறுக்கலாம். கணினிப் பெட்டியின் பின்புறச் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். பழைய கணினிகளில் அதன் அருகே, மின்னழுத்தத்தைத் தேர்வதற்கு 115, 230 என்று குறித்த சிவப்புச் சுவிட்ச் இருந்தால், அதை மட்டும் தொட வேண்டாம்.

மின்தடைதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று எண்ணுவதும் பல நேரங்களில் சரியல்ல. இரவும் பகலும் ஓடும் கணினியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வலுவிழந்திருந்தாலும், சூடாக ஓடிக்கொண்டிருக்கும் வரை வேலை செய்துகொண்டே இருக்கும்; ஒருமுறை நின்று குளிர்ந்துவிட்டால் மீண்டும் கிளம்பும் தெம்பு அவற்றுக்கு இருக்காது. மதர்போர்டில் உள்ள, கணினியின் கடிகாரத்தையும் அமைப்புகளையும் காக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பொத்தான் செல்லும் இப்படித்தான். பிளக்கில் இருக்கும் வரை அந்தச் செல்லின் தேவை குறைவு. எப்போதோ தீர்ந்துபோன செல்லின் நிலை மின்தடை அன்றுதான் வெளியே தெரிகிறது. கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தாலும், பயாஸ் (கணினி எழும்போது முதலில் இயங்கும் அடிப்படை நிரல்) அமைப்புகள் மாறியிருந்தாலும் முதலில் ஐயப்பட வேண்டியது இந்தச் சிறிய செல்லைத்தான். செல்லையோ எஸ்.எம்.பி.எஸ்.ஸையோ மாற்றினால் தீரும் குறைக்குக் கணினியையே தூக்கி எறிகிறவர்களை நினைத்தால் மனம் வருந்துகிறது.

விசிறி சுழன்று திரை மட்டும் இருண்டிருந்தால் நிலைமை வேறு. மானிட்டரின் கேபிள்களை முதலில் சரிபாருங்கள். பிறகு பிளக்கை உருவிவிட்டு, ராம் எனும் நினைவகப் பலகையைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்தலாம். பழகாதவர்கள் அறிந்தவரைக் கொண்டு செய்யட்டும். விசிறி ஒரு கணம் துடித்து நின்றால், எங்கோ ஷார்ட் இருக்கிறது அல்லது எஸ்.எம்.பி.எஸ். பழுதாகியிருக்கிறது என்று கொள்ளலாம். எதைக் கண்டாலும் கண்டதைக் கண்டபடி குறித்து வைத்துப் பழுது பார்ப்பவரிடம் சொல்லுங்கள். அவருக்கும் அது உதவும்.

எச்சரிக்கை ஒன்று: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்கக் கூடாது. பிளக்கை உருவிய பின்னும் அதற்குள் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக் கூடும். கருகிய வாடை வந்தாலோ புகை தெரிந்தாலோ மீண்டும் பிளக்கைச் செருகிப் பார்க்கவே வேண்டாம்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது கோப்புகளைப் பற்றி. கணினி எழாமல் போனதாலேயே கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருளில்லை. கோப்புகள் இருக்கும் வட்டான ஹார்டு டிஸ்க் தனி உறுப்பு; மின்சாரம் திடீரென நின்றால், சுழலும் தட்டுகளின் எஞ்சிய விசையைக் கொண்டே அது தரவைப் படிக்கும் தன் தலைகளைப் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சுழலும் தட்டுகள் இல்லாத வட்டான எஸ்.எஸ்.டி.யும் மின்சாரம் இல்லாமலேயே தரவை வைத்திருக்கும். அந்த நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு கெடலாம். வட்டே பழுதாவதும் உண்டு. ஆனால் மதர்போர்டே போய்விட்டாலும், வட்டு நலமாக இருந்தால் அதைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துக் கோப்புகளை நகலெடுத்துவிடலாம். ஆகவே "ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும், அது வட்டில் உள்ளதை அழிக்கும் வேலை என்பதால், முதலில் நகலெடுத்துத் தரும்படி கேளுங்கள்.

மதர்போர்டை மாற்றிய பிறகோ பயாஸ் அமைப்புகள் அழிந்த பிறகோ, விண்டோஸ் திடீரென 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டால் அஞ்ச வேண்டாம். வட்டு பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பாதுகாப்புப் பூட்டால் பூட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். வட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தாலும் அந்த எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாகக் கணினியைப் பயன்படுத்துவோருக்குப் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கும்; கைப்பேசி வழியாகவே அதை எடுத்துவிடலாம். இதை அறியாமல் வட்டு கெட்டுவிட்டது என்று முடிவு செய்து அழித்தால், அழிந்தவற்றைப் பின்னர் மீட்பது அநேகமாக இயலாது. கணினி நலமாக இருக்கும் இன்றே அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் நாளிதழில் மின்தடை அறிவிப்பு வரும் இடத்தில், மின்சாரம் நிற்கும் முன்பே கணினியை முறையாக நிறுத்திப் பிளக்கை உருவி வைக்கவும், மின்சாரம் திரும்பிச் சில நிமிடம் நிலையாக இருந்த பிறகே செருகவும் வேண்டும் என்ற இரண்டு வரிகளைச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்