பொருள்: பில்லிங் மென்பொருள் புதிய கம்ப்யூட்டரில் ஓடாதது குறித்து

08.03.1999
விருதுநகர்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா,

எங்கள் பருப்பு மொத்தக் கடையில் பல வருடமாக டாஸ் இயங்குதளத்தில் ஓடும் உங்கள் பில்லிங் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறோம். பழைய 486 கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லை. இப்போது 350 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 வாங்கியிருக்கிறோம். அதில் முதல் திரைகூட வரவில்லை. 'ரன்டைம் எரர் 200' என்று காட்டிவிட்டு டாஸ் கட்டளைக்குக் காத்திருக்கும் சி பிராம்ப்டுக்கே திரும்பிவிடுகிறது.

போனில் கேட்டால், கம்ப்யூட்டரில்தான் கோளாறு, இல்லாவிட்டால் வைரஸ் என்கிறார் உங்கள் பொறியாளர். இதை என்னால் ஏற்க முடியாது. உங்கள் மென்பொருளை எழுதிய பாஸ்கல் மொழி எனக்கும் தெரியும். அதே கம்ப்யூட்டரில் டர்போ பாஸ்கல் 7-ல், திரை, விசைப்பலகை வேலைகளுக்காக அதனுடன் வரும் சிஆர்டி யூனிட் என்ற ஆயத்த நிரல் தொகுப்பைச் சேர்த்து ஒரே வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். அதே பிழை வந்தது. யூனிட்டை எடுத்ததும் ஓடியது. அப்புறம் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸில், பிராசஸரை வேகப்படுத்தும் கேஷ் நினைவகத்தை அணைத்துப் பார்த்தேன், உங்கள் மென்பொருளும் ஓடியது. ஆனால் கம்ப்யூட்டரே ஊர்ந்தது.

காரணம் இதுதான். புரோகிராமைச் சற்று நேரம் காத்திருக்க வைக்கும் டிலே கட்டளைக்காக, சிஆர்டி யூனிட் தொடக்கத்திலேயே கம்ப்யூட்டரின் வேகத்தை அளக்கிறது. கடிகாரத்தின் ஒரு துடிப்பில், அதாவது சுமார் 55 மில்லி வினாடியில், ஒரு லூப் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுக்கிறது. விடைக்கு ஒதுக்கிய இடம் 16 பிட்தான்; அதில் அடங்கும் பெரிய எண் 65,535, அதைத் தாண்டினால் அடங்காது. மரக்காலில் மூட்டையைக் கொட்டின கதைதான். அப்போது பிராசஸர் எழுப்பும் குறுக்கீடும் பூஜ்யத்தால் வகுத்தால் எழுப்புவதும் ஒன்றே. அதனால்தான் பூஜ்யத்தால் வகுத்ததைக் குறிக்கும் பிழை எண் 200 வருகிறது. உங்கள் புரோகிராமின் முதல் வரிக்கு முன்பே இது நடந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் மேல் பழி போட இதில் என்ன இருக்கிறது?

விண்டோஸ் பதிப்பைப் புதிதாக வாங்கச் சொல்கிறீர்கள். எங்கள் பழைய கணக்குக் கோப்புகளை அது படிக்குமா என்று கேட்டேன், பதில் இல்லை. காசு கொடுத்து உரிமம் வாங்கியவர்களிடம் இப்படி நடந்துகொள்வது நியாயமே இல்லை. சோர்ஸ், அதாவது மூல நிரல், உங்களிடம் இருக்கிறது. சிஆர்டி யூனிட்டைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்தால் போதும், எங்கள் கோப்புகளைத் தொடவே வேண்டாம்.

மார்ச் 31-ல் கணக்கு முடிக்க வேண்டும். அதற்குள் திருத்திய பதிப்பை இலவசமாக பிளாப்பியில் அனுப்பி வையுங்கள். முடியாது என்றால் அதையும் எழுத்திலேயே தெரிவியுங்கள். நுகர்வோர் மன்றத்துக்குப் போக அந்தக் கடிதம் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: உரிம ரசீது நகல், பிழைத் திரையின் அச்சுப் பிரதி