பேத்தியின் விருப்பம் குறித்துத் தோழிக்கு ஒரு கடிதம்

சிங்கப்பூர்

அன்புள்ள தோழிக்கு,

இங்கு நாங்கள் அனைவரும் நலம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்பதை அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. அதைப் படித்த நாளிலிருந்து உன் பேத்தியைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சட்டப் படிப்பை முடித்த பெண் கத்தோலிக்கத் துறவறச் சபையில் சேர விரும்புகிறாள். அதிலும் பள்ளிக்கூடத்துக்கோ மருத்துவமனைக்கோ போகாமல், கொத்தடிமைகளாக இருப்பவர்களுக்கும் சிறையில் இருக்கும் பெண்களுக்கும் சட்ட உதவி செய்யும் சகோதரிகளோடு சேர்ந்து உழைக்க வேண்டும் என்கிறாள். "கன்னியருக்குக் காவல் நிலையத்தில் என்ன வேலை?" என்று உன் மருமகன் கேட்பதாக எழுதியிருந்தாய். மடத்துப் பள்ளியில் உன் பக்கத்தில் அமர்ந்து படித்த இந்துப் பெண்ணாகிய நான் என்ன சொல்வேன் என்று அறிய விரும்புவதாகவும் எழுதியிருந்தாய். என் மனத்தில் பட்டதை எழுதுகிறேன்.

உன் மருமகனின் கேள்விக்கு இந்த ஊரின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1854-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அன்னை மத்தில்டும் அவரோடு வந்த குழந்தை இயேசு சபைச் சகோதரிகளும் சிங்கப்பூரில் கால் வைத்தனர். விக்டோரியா தெருவில் அவர்கள் தொடங்கிய மடத்தின் பக்கவாசலில் பச்சிளம் குழந்தைகள் விட்டுச்செல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் பெண் குழந்தைகள். வறுமையும், புலி ஆண்டில் பிறக்கும் பெண் குடும்பத்துக்கு ஆகாதவள் என்ற சீனர்களிடையே நிலவிய நம்பிக்கையும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. சகோதரிகள் அக்குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள். இன்று அந்தக் கட்டடம் சைம்ஸ் என்ற பெயரில் உணவகங்கள் நிறைந்த வளாகமாக இருக்கிறது. அந்தச் சிறு வாசலை இப்போதும் காணலாம். வாசலில் கிடக்கும் குழந்தையை எடுத்து வளர்ப்பது அறம் என்று ஒப்புக்கொள்ளும் நாம், அந்தக் குழந்தை ஏன் அங்கே கிடக்க நேர்ந்தது என்று ஒரு சகோதரி கேட்கத் தொடங்கியதும் தயங்குகிறோம். அந்தக் கேள்வியைக் கேட்பவர் கூலியைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் காவல் நிலையத்தைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. மடத்து வாசலிலிருந்து காவல் நிலையம் வரையிலான வழி ஒரே வழிதான் என்பது என் எண்ணம்.

இதை நான் மிகத் தெளிவாக உணர்ந்தது சிஸ்டர் ஜெரார்ட் ஃபெர்னாண்டஸ் அவர்களைப் பற்றி அறிந்தபோது. அவர் நல்லாயன் சபையைச் சேர்ந்தவர். அச்சபை 1939-இல் சிங்கப்பூருக்கு வந்தது. ஒரு மனிதர் ஓர் உலகத்தைவிட மதிப்புள்ளவர் என்பது பிரான்சில் அச்சபையை நிறுவிய புனித மரிய யூப்ரேசியாவின் போதனை. சிஸ்டர் ஜெரார்ட் அதை ஏட்டில் வைத்துக்கொள்ளாமல் சாங்கி சிறைக்குள் எடுத்துச் சென்றார். 1977-இல் கத்தோலிக்கச் சிறைப்பணியைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். மரண தண்டனை விதிக்கப்பட்ட பதினெட்டுப் பேருக்கு அவர்களுடைய இறுதி நாள்வரை துணையாக இருந்தார். 1981-இல் இரண்டு குழந்தைகள் கொல்லப்பட்ட தோ பாயோ வழக்கு உனக்கு நினைவிருக்கும். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தாய்மார்கள் பிள்ளைகளை வெளியே அனுப்பவே அஞ்சினார்கள். அவ்வழக்கில் தண்டிக்கப்பட்ட டான் முய் சூவைச் சிஸ்டர் முன்பே அறிந்திருந்தார். பதில் வராத நிலையிலும் அவருக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு அந்தப் பெண்ணே அவரைச் சந்திக்க விரும்பினார். 1988 நவம்பரில் தண்டனை நிறைவேற்றப்பட்ட நாள்வரை சிஸ்டர் அவரைக் கைவிடவில்லை.

இதைப் பற்றி இங்கே பலரிடம் பேசியிருக்கிறேன். கொல்லப்பட்ட குழந்தைகளின் பெற்றோரை நினைக்காமல் கொன்றவர்களுக்கு ஆறுதல் சொல்வதா என்று கோபப்பட்டவர்கள் உண்டு. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். பிள்ளையைப் பெற்றவள் யாரும் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் சிஸ்டர் ஜெரார்ட் குற்றத்தைச் சிறிதாக்கிப் பேசியவர் அல்லர். செய்த குற்றத்தை ஒருவர் முழுமையாக உணர்ந்து வருந்துவதற்கு, தன்னை இன்னும் மனிதராக மதிக்கும் ஒருவரேனும் எதிரே இருக்க வேண்டும் என்று அவர் நம்பினார். சட்டம் தன் கடமையைச் செய்யும் இடத்திலும் மனித மாண்புக்குச் சாட்சியாக ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் நின்றவர் ஒரு கன்னியர். 2019-இல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவருடைய பெயர் இடம்பெற்றபோது, சிங்கப்பூரில் பலர் அவரை முதன்முறையாக அறிந்துகொண்டார்கள். அதற்கு முன் நாற்பது ஆண்டுகளாக அவர் ஓசையின்றி அதே பணியைச் செய்துகொண்டிருந்தார்.

நான் செவிலியராகப் பணியாற்றியவள் என்பதால் இன்னொரு சபையையும் குறிப்பிட விரும்புகிறேன். பிரான்சிஸ்கன் சபைச் சகோதரிகள் சிலர் 1949-இல் டான் டோக் செங் மருத்துவமனைக்கு வந்து காசநோயாளிகளைப் பராமரித்தார்கள். காசநோய் என்றாலே உறவினர்களும் விலகி நின்ற காலம் அது. பொதுமக்களின் நன்கொடையோடு 1961-இல் மவுண்ட் அல்வெர்னியா மருத்துவமனையை நிறுவியவர்களும், 1969-இல் பின்னாளில் அசிசி நோயாளர் இல்லமாக வளர்ந்த பணியைத் தொடங்கியவர்களும் அவர்களே. அவர்கள் கைபட்டுத் தேறியவர்களிலும், அவர்கள் கைகளில் உயிர்விட்டவர்களிலும் பெரும்பாலோர் பௌத்தர்களாகவும் தாவோ சமயத்தாராகவும் முஸ்லிம்களாகவும் என்னைப் போன்ற இந்துக்களாகவும்தாம் இருந்திருப்பார்கள். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படிகூட இந்நாட்டில் கத்தோலிக்கர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். தங்கள் சமயத்தாருக்கு மட்டும் பணிசெய்ய நினைத்திருந்தால் அந்தச் சகோதரிகளுக்கு இவ்வளவு வேலையே இருந்திருக்காது. சமய நல்லிணக்கம் என்று நாம் இன்று மேடையில் பேசுவதை, நோயாளியின் படுக்கைக்கு அருகில் அவர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்திருக்கிறார்கள்.

மேடையையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. 1949-இல் தொடங்கப்பட்ட சமயங்களுக்கு இடையிலான அமைப்பில் இன்று பத்துச் சமயங்கள் உள்ளன. கனோசிய சபையைச் சேர்ந்த சிஸ்டர் தெரசா சியாவ் அதன் தலைவராகவும் பொறுப்பு வகித்திருக்கிறார். ஆண் சமயத் தலைவர்களே நிறைந்த அவையில் ஒரு கன்னியர் தலைமை ஏற்றது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. பத்துச் சமயத்தாரும் ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் முறையில் இறைவனை வேண்டும் காட்சியைப் பொதுநிகழ்ச்சிகளில் பார்த்திருப்பாய். அது வெறும் சடங்கு என்று சொல்பவர்கள் 1964-ஆம் ஆண்டு இனக் கலவரத்தை அறியாதவர்கள். என் தந்தை அந்த நாட்களில் கேலாங்கில் கடையடைத்துவிட்டு வீட்டுக்கு வந்துசேர்ந்த கதையை நீயும் பலமுறை கேட்டிருக்கிறாய். நெருக்கடி வந்தபின் ஒருவரையொருவர் தேடிப் பழக முடியாது. அதற்கு முன்பே பழகியிருக்க வேண்டும்.

இனி என் செய்தி. ஓய்வு பெற்ற பிறகு, சகோதரிகள் நடத்தும் ஒரு தங்குமிடத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு செய்யப் போய்வருகிறேன். அங்கே வரும் இல்லப் பணிப்பெண்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் வந்தாள். சம்பளமும் இல்லை, ஓய்வு நாளும் இல்லை. கைப்பேசியைக்கூட வீட்டார் வாங்கி வைத்திருந்தார்கள். பேசத் தொடங்கினாலே அழுதாள். பொறுப்பில் இருந்த சிஸ்டர் அவளுக்கு முதலில் சோறு போட்டார். பிறகு தூங்கச் சொன்னார். மறுநாள் காலையில்தான் குறிப்பேட்டை எடுத்துவந்து, எந்த மாதம் எவ்வளவு கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று என் வழியாக ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மனிதவள அமைச்சில் கொடுக்கும் புகாரில் ஒரு தேதி தவறினாலும் அந்தப் பெண்ணின் சொல்லுக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். இல்லப் பணிப்பெண்களுக்கு வாராந்தர ஓய்வு நாள் 2013-இல் சட்டமாயிற்று. மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது என்பது 2023-இல் விதியாயிற்று. இவற்றையெல்லாம் சிஸ்டர் மனப்பாடமாக வைத்திருக்கிறார். அந்தப் பெண் தன் பையிலிருந்து ஒரு சிறு முருகன் படத்தை எடுத்தபோது, அதை எங்கே வைப்பது என்று அவள் தயங்குவதற்குள் சிஸ்டர் அலமாரியின் மேல்தட்டை ஒழித்துக் கொடுத்தார். அதே சமையலறையில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மலாய் அம்மா வந்து சமைத்துத் தருகிறார். யாரும் யாரையும் மதம் மாற்ற முயலவில்லை. அங்கே அதற்கு நேரமும் இல்லை. நிலுவைச் சம்பளம் முழுவதும் கைக்கு வந்த பிறகு அந்தப் பெண் ஊர் திரும்பினாள்.

சூடானில் பிறந்து சிறுவயதிலேயே கடத்தி அடிமையாக விற்கப்பட்ட பகிதா, பின்னாளில் இத்தாலியில், நான் மேலே சொன்ன கனோசிய சபையிலேயே துறவியாகி, 2000-ஆம் ஆண்டில் புனிதராக அறிவிக்கப்பட்டவர். அவருடைய திருநாளான பிப்ரவரி 8-ஐ ஆள்கடத்தலுக்கு எதிரான இறைவேண்டல் நாளாகக் கத்தோலிக்கர்கள் கடைப்பிடிக்கிறார்கள். உலகெங்கும் ஆள்கடத்தலை எதிர்க்கும் சகோதரிகளை இணைக்கும் தலித்தா கும் என்ற அமைப்பும் 2009 முதல் இயங்குகிறது. உன் பேத்தி தனியாகக் காட்டுக்குள் போகவில்லை என்பதை மாப்பிள்ளைக்குச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1987-இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 22 பேர் இங்கே கைதுசெய்யப்பட்டபோது, அவர்களுள் திருச்சபையின் சமூகப் பணியாளர்களும் இருந்தார்கள். மார்க்சியச் சதி என்று அரசாங்கம் கூறியது. கைதானவர்கள் பின்னர் அதை மறுத்தார்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்காகக் கேலாங்கில் இயங்கிய கத்தோலிக்க மையம் மூடப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் இத்தகைய பணியில் இறங்கவே பலர் அஞ்சினார்கள். புலம்பெயர்ந்தோருக்கெனச் சிங்கப்பூர்க் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் தனி ஆணையம் அமைத்தது 1998-இல்தான். இந்தியாவில் நடந்ததை நீயே நன்கு அறிவாய். மத்தியப் பிரதேசத்தில் பழங்குடி மக்களை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீட்க உழைத்த சிஸ்டர் ராணி மரியா, 1995 பிப்ரவரியில் பேருந்துப் பயணத்தின்போது குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவனுக்கு அவருடைய சொந்தத் தங்கை சிறையில் ராக்கி கட்டி மன்னிப்பு அளித்ததையும், அவன் பின்னர் மனம் வருந்தி அந்தக் குடும்பத்தோடு உறவு கொண்டாடியதையும் நாம் இருவரும் முன்பே பேசியிருக்கிறோம். 2017-இல் இந்தோரில் ராணி மரியாவுக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலையான முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டபோது நீ எனக்கு எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. உன் மருமகனின் அச்சம் வெறும் பிடிவாதம் அல்ல. பெற்ற தகப்பனின் அச்சம். ஆகவே அவரோடு வாதாடி வெல்ல முயலாதே. மகளையே அவரிடம் பேசவிடு. எந்தச் சபை, எங்கே அனுப்புவார்கள், பயிற்சிக்காலம் எவ்வளவு, மிரட்டல் வந்தால் சபை எப்படிப் பாதுகாக்கும் என்பதையெல்லாம் அவர் நேரில் கேட்கட்டும். தெளிவாக விடை சொல்லும் சபையில் அவளைச் சேர்ப்பதே நல்லது.

எனக்கு வேறொரு கவலை உண்டு. இங்கே துறவறத்துக்கு வரும் இளம்பெண்கள் மிகக் குறைந்துவிட்டார்கள். ஏழைகளின் சிறிய சகோதரிகள் தொடங்கிய புனித தெரசா முதியோர் இல்லம் இப்போது கத்தோலிக்க நல்வாழ்வுச் சேவை அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் அங்கே சென்று முதியோரைச் சந்தித்தார். பணி நின்றுவிடவில்லை. எல்லாச் சமயங்களையும் சேர்ந்த ஊழியர்களும் தொண்டர்களும் அதைச் செய்கிறார்கள். அவர்களோடு நானும் ஒருத்தியாக நிற்கிறேன். ஆயினும், வேலைநேரம் முடிந்ததும் நாங்கள் வீட்டுக்குப் போய்விடுகிறோம். நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது திறப்பவர் அங்கேயே வாழும் சிஸ்டர்தான். அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. அந்த இடத்துக்கு வர விரும்பும் ஒரு பெண்ணை, அதுவும் சட்டம் படித்த பெண்ணை, வேண்டாம் என்று தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

போப் அந்தப் பயணத்தின் இறுதி நாளில் கத்தோலிக்கத் தொடக்கக் கல்லூரியில் பல சமய இளைஞர்களைச் சந்தித்து, எல்லாச் சமயங்களும் இறைவனை நோக்கிய பாதைகள் என்ற கருத்தில் பேசினார். சில கத்தோலிக்கர்களுக்கு அது உறுத்தியதாக அறிந்தேன். உன் கருத்து என்ன என்பதை விரிவாக எழுது. என் சமயத்திலிருந்து நான் சொல்வதற்கும், உன் விசுவாசத்திலிருந்து நீ சொல்வதற்கும் வேறுபாடு இருக்கும். அதை அறிய விரும்புகிறேன்.

தங்குமிடத்துச் சிஸ்டரிடம் உன் பேத்தியைப் பற்றிச் சொன்னேன். முடிவெடுப்பதற்கு முன் ஒரு மாதம் இங்கே வந்து தங்கி வேலையைப் பார்க்க அவள் விரும்பினால், தமிழில் வழக்கு விவரம் எழுதத் தெரிந்த ஒருவர் தங்களுக்குப் பெரும் உதவியாக இருப்பார் என்றார். அவள் என் வீட்டிலேயே தங்கலாம். மாப்பிள்ளையும் கூட வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். தீபாவளி முடிந்த பிறகு என்றால் எனக்கு வசதி. கடவுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் தோழி