மலை ஆய்வகங்களில் இன்குபேட்டர் நிறுவுவது குறித்து ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டக் கல்லூரி, மருத்துவமனை, குடிநீர்ப் பரிசோதனை ஆய்வகங்களுக்குக் கருவி வாங்கும் குழுவினருக்கு,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நுண்ணுயிர்களையும் செல்களையும் மாறாத வெப்பநிலையில் வைத்து வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டருக்கான டெண்டரில் கொள்ளளவு, வெப்பநிலை வரம்பு, உத்தரவாதம், விலை எல்லாம் தவறாமல் இடம்பெறுகின்றன. அது எத்தகைய குளிரில் நிற்கப்போகிறது என்பது மட்டும் இடம்பெறுவதில்லை. சமவெளியின் வெதுவெதுப்பான அறையில் சரிபார்க்கப்பட்ட பெட்டி, ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், சனவரி விடியலில் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும் உதகை அறைக்கு வந்து சேர்கிறது. நிறுவ வருபவரோ திரையில் 37 தெரிந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு மலையிறங்கிவிடுகிறார்.

திரை காட்டுவது வெப்பத்தை அறியும் உணரி இருக்கும் இடத்தின் வெப்பநிலையை. வளர்ப்புத் தட்டுகள் இருக்கும் அடுக்கின் வெப்பநிலையை அறிய, அளவுத்திருத்தம் செய்த வெப்பமானியைக் கிளிசரின் நிரப்பிய சிறு புட்டியில் நட்டு, மேல், நடு, கீழ் அடுக்குகளில் மாற்றி மாற்றி வைத்து, ஓர் இரவும் பகலும் குறித்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகே திரை எண்ணுக்கான திருத்தத்தைக் கண்ட்ரோலரில் பதிய வேண்டும். ஹீட்டரை எவ்வளவு ஓட்டுவது என்பதைக் கண்ட்ரோலர் தானே கற்றுக்கொள்ளும் ஆட்டோ டியூனையும் இங்கேயே, பெட்டிக்குள் வழக்கமான சுமை இருக்கும்போது, மறுபடி ஓட்ட வேண்டும். நீரில் மலக்கலப்பைக் காட்டும் பாக்டீரியாவைத் தேடும் மலக்கோலிஃபார்ம் சோதனை 44.5 டிகிரியில் கூடக்குறைய 0.2 டிகிரியை மட்டுமே அனுமதிக்கிறது. அங்கே திரையை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

இதைவிடத் தொல்லை தருவது பெட்டி வியர்ப்பது. செல் வளர்ப்புக்கான கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் நீர்த்தட்டு இருப்பதால் உள்ளே ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். 37 டிகிரியில் அவ்வளவு ஈரம் கொண்ட காற்று, 35 டிகிரிக்கும் கீழான எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகக் கோத்துக்கொள்ளும். குளிர்ந்த அறையில் முதலில் அப்படி ஆவது உட்கதவுக் கண்ணாடிதான். வழிந்த நீர் ரப்பர் விளிம்பில் தேங்கினால் அங்கே பூஞ்சை பிடிக்கும். இதற்கென்றே கதவில் தனி ஹீட்டர் உண்டு. ஆனால் கண்ணாடி தெளிய வேண்டுமென்று அதை ஒரேயடியாகக் கூட்டிவிடவும் கூடாது. கதவின் சூட்டை உணரி பெட்டியின் உட்புறச் சூடாக எடுத்துக்கொள்ளும்; முதன்மை ஹீட்டர் ஓய்ந்துவிடும்; பின்சுவர் குளிர்ந்து, கண்ணாடியில் இருந்த நீர் அங்கே போய்ச் சேரும். கண்ணாடி பளிச்சென்று இருப்பதைக் கண்டு நிம்மதி அடைகிறவர்கள் பின்சுவரைத் தடவிப் பார்ப்பது நல்லது. ஆகவே சிறிது கூட்டி, ஒரு நாள் விட்டு, இரு பக்கமும் பார்த்து, பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். மார்கழிக்குச் சரியாக வைத்த அளவு சித்திரைக்கு மிகுதியாகிவிடும் என்பதால் ஆண்டுக்கு இருமுறையாவது இதைச் செய்தாக வேண்டும்.

சாதாரண பாக்டீரியா இன்குபேட்டரில் இவ்வளவு சிக்கல் இல்லை. பெட்ரி தட்டுகளைக் கவிழ்த்து வைத்தால் மூடியில் கோத்த நீர், பாக்டீரியா வளரும் கூழான அகாரின்மேல் சொட்டி, காலனிகள் ஒன்றோடொன்று கலந்து எண்ண முடியாமல் போவது பெரும்பாலும் தவிரும். மின்தடை நேரும்போது மட்டும் பெட்டி இங்கே விரைவாக ஆறி, உள்ளே எங்கும் ஈரமாகிவிடுகிறது.

எனவே, கருவி நிற்கும் அறையின் மிகக் குறைந்த, மிக அதிக வெப்பநிலையை டெண்டரில் குறிப்பிடுங்கள். பல கையேடுகள் அறைக்கு 15 அல்லது 18 டிகிரி என்று கீழ்வரம்பு விதிக்கின்றன. அதற்கும் கீழே இயங்குமா என்பதை விற்பவர் எழுத்தில் தர வேண்டும். இயங்காதெனில், அறையைச் சூடாக்கும் செலவையும் விலையோடு சேர்த்தே ஒப்பிடுங்கள். இறுதித் தவணையை, அடுக்குவாரி வெப்பநிலைப் பதிவு கையில் கிடைத்த பிறகே விடுவியுங்கள். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் இரண்டு வருகைகளை டிசம்பரிலும் ஏப்ரலிலும் வைத்து, கதவு ஹீட்டரைச் சரிசெய்வதை அவற்றின் பணியாகப் பெயர் சொல்லியே எழுதுங்கள். அடுத்த டெண்டர் அறிவிப்பு வெளிவருமுன் இவற்றைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உதகமண்டலத்து ஆய்வக நுட்பநர் ஒருவர்