காலுக்கு ஆபரேஷன் ஆச்சு, பயத்துக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியோர் நலம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, இடுப்பு எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் வரைக்கும் சொல்லி நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் கஷ்டமே அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

கல்லிடைக்குறிச்சியில் பழைய வீடு. புறவாசல் ஈரத்தில் வழுக்கி அம்மா விழுந்துவிட்டாள். வயது 74. தொடை எலும்பின் கழுத்து முறிந்து, மூட்டில் பந்தை மாற்றினார்கள். மறுநாளே வாக்கரைக் கொடுத்து நாலடி நடக்க வைத்தார்கள்; அதில் குறையே சொல்ல மாட்டேன். டிஸ்சார்ஜ் அன்று கையில் ஒரு தாள்: கணுக்காலை ஆட்டு, முழங்காலை நீட்டு, தினம் மூன்று வேளை. அவ்வளவுதான்.

வீட்டில் முதல் நிலைப்படியிலேயே வாக்கர் முட்டிக்கொண்டது. அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். வலிக்கிறதா என்றால் இல்லை என்பாள். சாயங்காலத்துக்கு மேல் அவள் தண்ணீரே குடிப்பதில்லை என்பது எங்களுக்குத் தெரியவில்லை. ராத்திரி பாத்ரூமுக்கு யாரையும் எழுப்பக்கூடாதாம், தனியே போனால் விழுந்துவிடுவாளாம். நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து, செத்துப்போன பெரியம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் பங்கும் உண்டு. "நீ உட்காரும்மா, நான் எடுத்துத் தாரேன்" என்று சொல்லிச் சொல்லியே மிச்சமிருந்த தெம்பையும் பிடுங்கிவிட்டோம்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் உண்டு. சுகர், பிரஷர் மாத்திரை மட்டும்தான் என்று நினைத்திருந்தோம். பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லித்தான் தெரியும். வந்த பெண் காலைத் தொடுவதற்கு முன்னால், விழுந்த கதையை அரைமணி நேரம் கேட்டார். அதுவரை யாரும் முழுசாகக் கேட்கவில்லை, நான் உட்பட. ராத்திரிக்குக் கட்டில் பக்கத்தில் கமோட் நாற்காலி போடச் சொன்னார். அப்புறம் அம்மாவை அந்தப் புறவாசலுக்கேதான் அழைத்துப் போனார். முதல் நாள் கதவு வரைக்கும், அடுத்த தடவை துவைக்கிற கல் வரைக்கும். இப்போது வாக்கரின் அடி ரப்பர் தேய்ந்து, மாற்றித் தரச்சொல்லி அம்மாவே கேட்கிறாள்.

மனசு சரியில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம், தமிழிலேயே. ஆனால் முகம் தெரியாத ஆளிடம் போனில் அழ அம்மாவுக்கு வராது. வீட்டுக்கு வருகிறவரிடம்தான் வரும்.

ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்புகிறவர்களின் விவரத்தை, கேட்கட்டும் என்று காத்திராமல், அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆஸ்பத்திரியே அனுப்பட்டும். டிஸ்சார்ஜ் அன்று தருகிற தாளில் இரண்டு கேள்வியும் சேரட்டும்: தூக்கம் வருகிறதா? தண்ணீர் குடிக்கிறார்களா?

ஒரு வாசகர்,
கல்லிடைக்குறிச்சி