சனிக்கிழமைக் கச்சேரி: வாசிப்பவர்கள் கவனத்துக்கு

வணக்கம். விருந்தினர் பியானோவோடு வாசிப்பது மோட்சார்ட்டின் 12ஆவது பியானோ கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு), கே. 414 (அவர் படைப்புப் பட்டியலின் எண்). 1782இல் வியன்னாவில் எழுதியது. காற்று வாத்தியம் இல்லாமலும் வாசிக்கலாம் என்று அவரே அறிவித்த மூன்றில் ஒன்று. நாம் இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன் வைத்தே வாசிக்கிறோம். தந்தி 15 பேர்: முதல் வயலின் 5, இரண்டாம் வயலின் 4, வயோலா 3, செல்லோ 2, பேஸ் 1. தந்தியில் இருவருக்கு ஒன்று, காற்று வாத்தியத்துக்கு ஆளுக்கு ஒன்று என்று தாள் ஸ்டாண்ட் 13 போதும்.

பியானோ ட்யூனர் மதியம் 2 மணிக்கு வருகிறார். 1 மணியிலிருந்தே மேடை விளக்கும் ஏசியும் ஓடட்டும். குளிர்ந்த மேடையில் சுருதி சேர்த்துவிட்டு அப்புறம் விளக்கைப் போட்டால், சூட்டில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கிவிடும். ஏ சுரத்தை 442 ஹெர்ட்ஸுக்குச் சேர்க்கிறோம். அன்றைக்குச் சுருதி பியானோவின் ஏ-யிலிருந்துதான்; ஓபோவும் அதற்கே இணங்க வேண்டும். பியானோ நமக்காக இறங்கி வராது!

பியானோ மூடி முழுதாகத் திறந்திருக்கும். அதன் பின்னால் உட்காரும் வயோலா, பேஸுக்குப் பாதிதான் கேட்கும். காதை நம்பினால் பிந்திவிடுவீர்கள், முதல் வயலின் வில்லைப் பாருங்கள்.

ஆந்தாந்தேயின் (நிதானமான இரண்டாம் பகுதி) தொடக்க மெட்டு 1782 ஜனவரி 1இல் இறந்த யோகான் கிறிஸ்டியன் பாக்கினுடையது. வில்லை அழுத்தாமல் தொடங்குங்கள்.

வழக்கமாகச் சறுக்குமிடம் கடென்சா (இசைக்குழு நிற்க, பியானோ தனியாக வாசிக்கும் இடம்). மோட்சார்ட் இரண்டு தொகுதி எழுதியிருக்கிறார், நம் விருந்தினர் வாசிப்பது இரண்டாவது. நடுவில் ட்ரில் (அடுத்தடுத்த இரு சுரம் வேகமாக மாறி மாறி ஒலிப்பது) கேட்டதும் வில்லைத் தூக்க வேண்டாம். கடைசி நீண்ட ட்ரில் தீர்ந்து, அடுத்த சுரம் விழும்போதுதான் நாம்.

ஒத்திகை 3.30. ஏசி காற்று தாளைப் புரட்டும், ஆளுக்கு இரண்டு துணிக்கிளிப் கொண்டுவரவும்.